தள்ளினால் போகிறது, இழுத்தால் வரவில்லை

தமிழ்மொழி என்கிறவளுக்கு ஆகாய விமானத்தின்மேல் ஆசை எதுவும் இருந்ததில்லை. வீட்டுக் கொல்லையில் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு நாயைப் போல. குரைப்பது கேட்கும், இருக்கிறது என்று தெரியும், கிட்டே போய்த் தடவிக் கொடுக்கத் தோன்றாது.

காரைக்காலை அடுத்த நெரவியில் வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் அவர்கள் வீடு. பின்னால் ஒரு பெரிய தகரக் கொட்டகை. அவள் கணவன் சிவநாதன் மின் நிலையத்தில் அளவுக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறவன். ஷிப்ட் முடிந்து வந்தால் குளித்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போய்விடுவான். ஏழெட்டு வருஷமாக அங்கே அலுமினியத் தகடுகளை வெட்டி, வளைத்து, ரிவெட் அடித்து, இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டி விமானத்தைச் செய்துகொண்டிருந்தான். வரைபடம் வெளிநாட்டிலிருந்து வந்தது, எஞ்சினும் அப்படித்தான். மற்றதெல்லாம் அவன் கைவேலை.

அந்த வரைபடக் கட்டு வந்த அன்று, "எதுக்குங்க இது?" என்று அவள் கேட்டாள்.

"சும்மா, ஒரு ஆசை" என்றான் அவன்.

இதற்குமேல் கேட்காதே என்று அவன் சொன்னதாக அவள் எடுத்துக்கொண்டாள். இந்த வெட்டி வேலை எதற்கு என்று அவள் கேட்டதாக அவன் எடுத்துக்கொண்டான். அதோடு சரி. சண்டை எதுவும் இல்லை. புதுச்சேரியில் படிக்கிற மகள் சிவப்ரியாவின் பரீட்சை, சம்பா அறுவடைக்கு மிஷின் வருமா வராதா, மாடியில் ஒழுகுவது எங்கிருந்து என்று எல்லாம் பேசினார்கள். விமானத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

இத்தனைக்கும் தமிழ்மொழி கேள்வி கேட்காத பெண் இல்லை. பிறந்த ஊர் திருநள்ளாறு. அவள் அப்பா அங்கே யாத்ரீகர்களுக்கான ஒரு லாட்ஜை நடத்தினார். சனிக்கிழமைக் கூட்டம் வருவதற்குள் மாடித் தொட்டியை நிரப்பி வைக்க வேண்டும். மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் சின்ன வயதிலேயே அவள் பொறுப்பு. மற்றவர்களைப் போல மாடிக்கு ஏறிப் பார்க்க மாட்டாள். குழாயில் காதை வைத்துக் கேட்டே தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் ஏன் வேறு மாதிரி முனகுகிறது என்று அப்பாவைக் கேட்டுக் குடைவாள். "படிச்சிட்டு வந்து நீயே சொல்லும்மா" என்று அவர் தப்பித்துக்கொள்வார்.

படித்தாள். காரைக்காலில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீசியன் ஆனாள். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை ஒரு குழாய் வழியாக வெளியே இழுத்து, சுத்தம் செய்து, இன்னொரு குழாய் வழியாக உள்ளே அனுப்புகிற வேலை. வரிசையாக இயந்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தப் படுக்கையில் எது சரியாக இழுக்கவில்லை என்பது, அலாரம் அடிப்பதற்கு முன்பே அவளுக்கு முதுகில் உறைத்துவிடும்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். கொட்டகையிலிருந்து 'டக், டக், டக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை, அதைவிட ரொம்பச் சின்னது. நிதானமாக, ஒரே சீராக வந்தது. கொஞ்ச நேரத்தில் அது மாறியது. வேகம் கூடியது, கனம் குறைந்தது. தலைச் சுமையை இறக்கி வைத்த ஆள் விறுவிறுவென்று நடப்பதைப் போல.

அவள் கை நின்றது. சத்தம் ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தது. முதலில் கனம், பிறகு லேசு. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனபோது, கையைக் கழுவிக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போய் நின்றாள்.

சிவநாதன் தரையில் உட்கார்ந்து, ஒரு கேனுக்குள் விழுகிற பெட்ரோலையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் கனத்துக்கு விழுந்துகொண்டிருந்த பெட்ரோல் மெலிந்து நூலாகிக்கொண்டிருந்தது.

"அது ஏங்க சத்தம் மாறுது?"

அவன் திரும்பிப் பார்த்தான். "எது?"

"அந்த டக் டக். மொதல்ல கனமா அடிச்சிச்சு. இப்ப சும்மா அடிச்சிக்குது. எதையோ இழுக்க முடியாம தவிக்கிற மாதிரி இருக்கு."

சிவநாதன் காதைக் கொடுத்துக் கேட்டான். இத்தனை வாரமாக அவன் கேனையும் கடிகாரத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன். சத்தத்தைக் கவனிக்கவே இல்லை. சுவிட்சை நிறுத்தினான், ஒரு நிமிஷம் பொறுத்தான், மறுபடி போட்டான். கனமாக ஆரம்பித்தது. அவள் சொன்ன மாதிரியே, நூல் விழத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், லேசாக மாறியது.

"ஆமா" என்றான். பிறகு, "உக்காரு" என்று ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டான்.

அன்றைக்குத்தான் அவன் அவளுக்கு அதை விளக்கினான். எஞ்சின் மூக்கில் இருக்கிறது. பெட்ரோல் தொட்டி சீட்டுகளுக்கு அடியில், எஞ்சினைவிடத் தாழ்வாக. பெட்ரோல் தானாக மேலே ஏறாது, இழுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு எஞ்சினிலேயே ஒரு பம்ப் பொருத்தியிருக்கிறது. அது காலைவாரினால் துணைக்கு இருக்கட்டும் என்று மின்சாரத்தில் ஓடுகிற இன்னொரு பம்ப். டக் டக் என்று அடிப்பது இந்த இரண்டாவது. தொட்டியிலிருந்து ஒரே ஒரு ரப்பர் ஹோஸ் விமானத்தின் தரையோடு வந்து இரண்டுக்கும் பெட்ரோல் கொடுக்கிறது.

"பொங்கலுக்கு அப்புறம்தான் எஞ்சினை ஓட்ட ஆரம்பிச்சேன். மெதுவா ஓட்டினா மணிக்கணக்கா ஓடுது. முழு வேகத்துல வச்சா கொஞ்ச நேரத்துல பெட்ரோல் அழுத்தம் இறங்கிடுது, எஞ்சின் திக்குது. வேகத்தைக் கொறச்சா தானா சரியாயிடுது. ரெண்டு பம்பையும் போட்டாலும் அதே கதை. அளவு காட்டுற முள்ளு பொய் சொல்லுதோன்னு வேற முள்ளு மாட்டினேன். அதுவும் அதையேதான் சொல்லுது."

"ஓய்வு குடுத்தா சரியாவுது?"

"ஓய்வு குடுத்தா புதுசு மாதிரி ஆயிடுது. அதான் புரியல."

மீன் குழாயடியிலேயே கிடந்தது. காக்காய் இரண்டைக் கொண்டுபோய்விட்டது. அவள் அதை அப்புறம்தான் பார்த்தாள்.

மறுநாளெல்லாம் வேலைக்கு நடுவில் அவளுக்கு அதே நினைப்பு. இழுக்கிற பம்ப் கெட்டுப்போனால் கெட்டுப்போனதுதான். ஓய்வு கொடுத்தால் ஏன் தேற வேண்டும்? ஸ்கூட்டியில் திரும்பி வரும்போது வழியில் ஒரு பொடியன் அட்டைப் பெட்டிப் பழச்சாறைக் குழல் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தான். பெட்டி ஒட்டிப் போய்ச் சாறு வருவது நின்றது. வாயை எடுத்தான், காற்று உள்ளே போனது, பெட்டி உப்பியது, மறுபடி உறிஞ்சினான்.

வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போனாள்.

"தொட்டிக்குள்ள காத்து போறதுக்கு வழி இருக்குதாங்க?"

"இருக்கே. அடியில ஒரு சின்னக் குழா நீட்டிக்கிட்டு..." என்றவன் பாதியில் நிறுத்தினான். இருவரும் தரையில் படுத்து, விமானத்தின் வயிற்றுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சுண்டுவிரல் கனத்தில் ஒரு குழாய். அதன் வாயில் குளவி மண்ணை உருட்டி வந்து அழகாக அப்பியிருந்தது.

சிவநாதன் படுத்தபடியே சிரித்தான். அவன் இப்படிச் சிரித்து அவள் பார்த்து வெகுநாளாகியிருந்தது. மண்ணைக் கம்பியால் குத்தி எடுத்தார்கள். பம்பைப் போட்டார்கள். கேன் நிரம்பி, இன்னொரு கேனும் நிரம்பியது. சத்தம் மாறவே இல்லை. அன்றைக்கு இருவரும் காரைக்காலுக்குப் போய்க் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு, பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். சிவப்ரியாவிடம் போனில், "உங்கம்மா கண்டுபிடிச்சிட்டா" என்று அவன் சொன்னான். "அம்மா கொட்டகைக்குள்ள வந்தாங்களா?" என்றாள் மகள்.

அடுத்த ஞாயிறு எஞ்சினை முழு வேகத்தில் வைத்தார்கள். அழுத்தம் இறங்கியது. எஞ்சின் திக்கியது. எல்லாம் முன்பு இருந்தபடியே.

"குளவி மேல பழி போட்டுட்டோம்" என்றாள் தமிழ்மொழி. ஏமாற்றம் இருந்தது. ஆனால் அதற்கடியில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. புதிர் இன்னும் முடியவில்லை என்பதில் ஒரு சந்தோஷம்.

சிவநாதன் தௌஃபீக் பாயை வரச் சொன்னான். தௌஃபீக் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்து, இப்போது காரைக்காலில் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். கட்டும் வேலையில் ஆரம்பத்திலிருந்தே அவ்வப்போது வந்து பார்த்துச் சொல்கிறவர். கொட்டகையில் தமிழ்மொழி டப்பாமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தங்கச்சி, வழி தவறி வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன் பாய். இனிமே போறதா இல்ல."

தௌஃபீக்குக்கு வெயில்மேல் சந்தேகம். ஹோஸ் எஞ்சின் பக்கம் வருகிற இடத்தில் சூடு ஏறி, பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடுகிறது, பம்ப் ஆவியை இழுக்கிறது, அதனால்தான் அழுத்தம் இறங்குகிறது என்றார். கேட்கும்போது அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது. ஈரச் சாக்கைச் சுற்றிப் பார்த்தார்கள். பனி விலகுமுன் விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தார்கள். வயலுக்குப் போகிறவர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குளிரிலும் அதே திக்கல். வடிகட்டியைக் கழற்றினார்கள், பளிச்சென்று இருந்தது. தௌஃபீக் தம் கடையிலிருந்து புது பம்பே கொண்டுவந்து மாட்டினார். புது பம்பை மாட்டியும் முழு வேகத்தில் அதே திக்கல்.

"ஹோஸ்ல அடைப்பு?" என்றாள் அவள்.

"அதையும் பாத்துடுவோம்." பம்ப் பக்கம் ஹோஸைக் கழற்றி, தௌஃபீக் காற்றடிக்கிற பம்பால் ஊதினார். தொட்டிக்குள் குபுகுபுவென்று குமிழி விடுகிற சத்தம் கேட்டது. "பாருங்க, தாராளமாப் போவுது. ஹோஸ்ல ஒண்ணுமில்ல."

அதன்பிறகு சிவநாதன் இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்தான். என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது.

அந்த வாரம் பவுனம்மாள் டயாலிசிஸுக்கு வந்தாள். கருக்களாச்சேரிக்காரி, மீன் வியாபாரம். கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்த உடம்பு இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் படுக்கையில் கிடப்பதை அவளால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதை வாயால் ஈடுகட்டிக்கொள்வாள். ரத்தம் எடுக்கக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து அமைக்கிற வழி அவளுக்கு இன்னும் அமையாததால், கழுத்துக்குப் பக்கத்தில் ரத்தக் குழாய்க்குள், இழுக்க ஒன்று, திருப்பி அனுப்ப ஒன்று என்று இரண்டு லைன் உள்ள ஒரு ட்யூப் வைத்திருந்தார்கள்.

தமிழ்மொழி ட்யூபைத் துடைத்து, சிரிஞ்சால் உப்பு நீரை உள்ளே தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போனது. பின்னுக்கு இழுத்தாள். ரத்தம் வரவில்லை. மறுபடி தள்ளினாள், போனது. இழுத்தாள், வரவில்லை.

"அக்கா, தலைய அந்தப் பக்கம் திருப்புங்க. லேசா இருமுங்க."

பவுனம்மாள் இருமினாள். வரவில்லை. டியூட்டி டாக்டர் வந்து பார்த்தார். "முனையில சவ்வு மாதிரி படிஞ்சிருக்கும். தள்ளும்போது வெலகிக்கும், இழுக்கும்போது வந்து மூடிக்கும். இன்னைக்கு ரெண்டு லைனையும் மாத்திப் போட்டு ஓட்டுங்க. ட்யூபை மாத்தச் சொல்லிடறேன்" என்று அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

தமிழ்மொழிக்குத் தெரியாத விஷயமில்லை. எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனால் அன்றைக்கு லைனை மாற்றிப் போட்டு, பம்பை ஓடவிட்டு, ரத்தம் சிவப்பாக ஏறி வருவதைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

"என்னா புள்ள, சிலையாட்டம் நிக்கிற?"

"இல்லக்கா. உங்க கழுத்துல இருக்கிற ட்யூப்பும் எங்க வீட்டு ஏரோப்ளேனும் ஒண்ணோன்னு யோசிக்கிறேன்."

பவுனம்மாளுக்கு அந்த விமானத்தைப் பற்றித் தெரியும். காரைக்காலில் பாதிப் பேருக்குத் தெரியும். "ஏன், ஏரோப்ளேனுக்கும் கிட்னி போயிடிச்சா?" என்றாள்.

பக்கத்துப் படுக்கைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். தமிழ்மொழியும் சிரித்தாள். ஆனால் மனசு அதற்குள் கொட்டகைக்குப் போய்விட்டிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சிவநாதன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஹோஸை ஊதிப் பாத்தீங்களே, இழுத்துப் பாத்தீங்களா?"

"ஊதினா போவுதே தமிழ். ரெண்டு பக்கமும் ஓட்டைதானே அது?"

"எந்தப் பக்கத்துலேருந்து ஊதினீங்க?"

"பம்ப் பக்கத்துலேருந்து. தொட்டிக்கு."

"பெட்ரோல் போறது தொட்டியிலேருந்து பம்புக்கு. நீங்க எதிர்த் தெசையில ஊதியிருக்கீங்க." அவள் பவுனம்மாளின் ட்யூபைப் பற்றிச் சொன்னாள். தள்ளினால் விலகுகிறது, இழுத்தால் மூடிக்கொள்கிறது.

அவன் டம்ளரை வைத்தான். முகத்தில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது. "அது ரத்தம், சவ்வு படியும். இது புது ஹோஸ். பெட்ரோலுக்குன்னு கேட்டு வாங்கினது. நானே மாட்டினேன். உள்ள என்ன சவ்வு வரப்போவுது?"

"தெரியல. அதான் பாக்கணுங்கறேன்."

டம்ளரை மறுபடி எடுத்து மிச்ச டீயைக் குடித்தான். பிறகு அவன் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். "சரி, வா."

பெட்ரோலை வடித்தார்கள். கொட்டகைக் கதவுகளை அகலத் திறந்துவைத்துக் காற்றோடவிட்டார்கள். ஹோஸை முழுசாகக் கழற்றி எடுத்தான். அவள் மருத்துவமனையில் பயன்படுத்துகிற மாதிரி பெரிய சிரிஞ்ச் ஒன்றை வழியில் மருந்துக் கடையில் வாங்கி வந்திருந்தாள். அதை பம்ப் பக்கத்து முனையில் செருகி, மெதுவாக இழுத்தாள். காற்று தாராளமாக வந்தது. சிவநாதன் அவளைப் பார்த்தான். அவள் இன்னொரு தடவை, இப்போது வெடுக்கென்று இழுத்தாள். பிஸ்டன் பாதி வந்து நின்றது. விட்டதும், உள்ளிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி, பின்னுக்குப் போய்விட்டது.

"குடு" என்று வாங்கினான். அவனும் இழுத்தான். மெதுவாக, பிறகு வேகமாக. மறுபடி மெதுவாக. சின்னப் பிள்ளையைப் போல மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே இருந்தான்.

பிறகு பிளேடை எடுத்து ஹோஸை நீளவாட்டில் கீறினான். முதல் சாண் நன்றாக இருந்தது. நடுவில் ஒரு வளைவுக்குப் பக்கத்தில், உள்பக்க ரப்பர் வெந்த கிழங்கின் தோலைப் போல உரிந்திருந்தது. ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு, மறுபக்கம் நாக்கு மாதிரித் தொங்கியது. தமிழ்மொழி சுண்டுவிரலால் அதைத் தள்ளினாள். ஒருபக்கம் தள்ளினால் சுவரோடு படிந்துகொண்டது. மறுபக்கம் தள்ளினால் எழுந்து நின்று வழியை அடைத்தது. மெல்ல இழுத்தால் அது படுத்தே கிடக்கும். முழு வேகத்தில் இழுக்கும்போது எழுந்துகொள்ளும். இழுப்பதை நிறுத்தினால் மறுபடி படுத்துவிடும். ஓய்வு கொடுத்தால் ஏன் தேறியது என்பதற்கு இத்தனை சின்ன விடை.

"இது எப்படிங்க உரிஞ்சிது?"

அவன் யோசித்தான். ஹோஸை வாங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் தொட்டி ஒழுகுகிறதா என்று பார்க்க, பெட்ரோல் பங்கில் வாங்கிய எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றியவன், வடிக்காமல் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டான். எல்லா ரப்பரும் அதைத் தாங்காது என்று அவனுக்குத் தெரியும். இந்த ரப்பர் தாங்கும் என்று நினைத்தான். அப்படி நினைத்ததாகக்கூட இப்போது நினைவில்லை, யோசிக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும் என்றான்.

அப்போதுதான் தமிழ்மொழிக்குப் பயம் வந்தது. அதுவரை அது ஒரு புதிராக மட்டுமே இருந்தது. கனமாக அடிப்பது, லேசாக அடிப்பது, குளவி, ஈரச் சாக்கு என்று அவள் அதன் பின்னால் ஆவலாக ஓடிவந்திருந்தாள். இப்போது அந்த நாக்கு அவள் கையில் இருந்தது.

"முழு வேகம் எப்பங்க வைப்பாங்க? தரையை விட்டு எழும்பும்போதா?"

"ஆமா."

"அப்ப எழும்பிக் கொஞ்ச தூரம் போனதும் இது மூடியிருக்கும்."

அவன் அவள் கையிலிருந்து ஹோஸை வாங்கிப் பார்த்தான். "அதுக்காகத்தான் தரையிலயே இத்தனை தடவை ஓட்டிப் பாக்கறது" என்றான்.

"நான் இந்த ஏழெட்டு வருஷமா இது பறக்கும்னே நெனைக்கலங்க" என்றாள் அவள். "கோவிச்சிக்காதீங்க. சீட்டு விளையாடறவங்க மாதிரி, உங்களுக்கு ஒரு பொழுதுபோக்குன்னுதான் நெனச்சேன்."

"எனக்கே சில நாள் அப்படித்தான் இருந்திச்சு."

"மொதல்நாள் எதுக்குன்னு கேட்டேனே, நெஜமாவே தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு சொன்னான். சின்ன வயதில் வயலில் மருந்தடிக்க ஒரு சிறிய விமானம் தாழப் பறந்து போனதைப் பார்த்தானாம். வரப்பில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, இவன் மட்டும் அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றானாம். அடியில் வரிசையாக ரிவெட்டுகள் தெரிந்தன. இதை மனுஷன்தான் செய்திருக்கிறான் என்று அப்போதுதான் தோன்றியதாம். பறக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை, செய்ய வேண்டும் என்றுதான் தோன்றியது. "இதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் சும்மா ஒரு ஆசைன்னுட்டேன்."

மறுநாள் தௌஃபீக் வந்து, பிளந்து கிடந்த ஹோஸை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊதிப் பாத்து ஒண்ணுமில்லன்னு சொன்னவன் நான்தான். அல்லா காப்பாத்தினான்" என்றார். பிறகு, "இந்த மாதிரி இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன் தங்கச்சி. கண்ணால பாக்கறது இதுதான் மொத தடவை. இதை எனக்குக் குடுத்துடுங்க, கடையில வைக்கணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

விமானத்தில் இருந்த ரப்பர் குழாய் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார்கள். முடிந்த இடத்திலெல்லாம் அலுமினியக் குழாய், மற்ற இடத்தில் எத்தனாலைத் தாங்கும் என்று சோதித்துப் பார்த்த ஹோஸ். சோதித்தது தமிழ்மொழி. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வெட்டி, ஊறுகாய் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி ஊறப்போட்டு, கொட்டகை அலமாரியில் வெயில் படாமல் வரிசையாக வைத்தாள். வாராவாரம் எடுத்துப் பிளந்து பார்த்தாள். இரண்டு துண்டுகள் தேறவில்லை. அவற்றை அவள் தூக்கி எறிந்தாள்.

சித்திரை வெயிலில் விமானத்தின் வாலைத் தென்னை மரத்தில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, முழு வேகத்தில் வைத்தார்கள். கொட்டகைத் தகரம் நடுங்கியது. வாழை இலைகள் கிழிந்தன. அழுத்தம் காட்டும் முள் அசையாமல் நின்றது. தொட்டி அடிமட்டத்துக்கு வரும்வரை ஓட்டினார்கள். எஞ்சின் நின்றபோது மூன்று பேருக்கும் கொஞ்ச நேரம் காது கேட்கவில்லை. தௌஃபீக் ஏதோ சொல்லிக் கையை வானத்துக்குக் காட்டினார். என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க முடிந்தது.

அதன்பிறகும் வேலை நிறைய இருந்தது. சோதனைக்கு அதிகாரிகள் வந்தார்கள். திருத்தம் சொன்னார்கள், செய்தார்கள், மறுபடி வந்தார்கள். ஒப்புதல் வரும்வரை அது தரையிலேயே நின்றது. பவுனம்மாளுக்குக் கையில் வழி அமைந்து, கழுத்து ட்யூபை எடுத்துவிட்டார்கள். "உன் ஏரோப்ளேன் என்னாச்சு புள்ள?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். தமிழ்மொழியும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது சொல்வாள். இறக்கை ஏன் நுனியில் லேசாக முறுக்கியிருக்கிறது, சக்கரத்துக்கு ஏன் பிரேக் தனித்தனி. பவுனம்மாளுக்குப் படகு தெரியும். சுக்கானைப் பற்றி அவள் எதிர்க்கேள்வி கேட்பாள். நாலு மணி நேரம் போவது இருவருக்குமே தெரியாது.

ஒருவழியாக ஒப்புதல் வந்தது. இறக்கைகளைக் கழற்றி, லாரியில் ஏற்றி, வேறொரு மாநிலத்தில் ஒரு சின்ன ஓடுதளத்துக்குக் கொண்டுபோனார்கள். முதல்முறை ஓட்ட வந்தவர் கதிரவன் என்ற ஓய்வுபெற்ற விமானி. அதிகம் பேசாதவர். விமானத்தை மூன்று முறை சுற்றி வந்தார், மூடிகளைத் திறந்து மோந்து பார்த்தார், ஏறி உட்கார்ந்தார்.

அது ஓடியது, எழும்பியது. மரங்களுக்கு மேலே சின்னதாகி, வட்டம் போட்டது. தமிழ்மொழி சிவநாதனின் கையைப் பிடித்திருந்தாள். அது எழும்பி முதல் வளைவைத் தாண்டும்வரை அவள் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். தாண்டியதும் கையை விட்டாள். சிவநாதன் அழுதுகொண்டிருந்தான், துடைத்துக்கொள்ளவும் இல்லை. தௌஃபீக் செல்போனில் படம் எடுப்பதாக நினைத்துக்கொண்டு தம் கட்டைவிரலைப் படமெடுத்திருந்தார்.

இறங்கி வந்த கதிரவன் ஹெட்போனைக் கழற்றினார். "நல்லா செஞ்சிருக்கீங்க சார். எஞ்சின் சுத்தமா இருக்கு. கைய விட்டா மட்டும் எடப்பக்கம் கொஞ்சம் சாயுது."

சிவநாதன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். அவன் காதில் 'நல்லா செஞ்சிருக்கீங்க' என்பதற்குமேல் எதுவும் விழவில்லை.

"வேகம் கூடினா சாயறதும் கூடுதாங்க?" என்று கேட்டாள் தமிழ்மொழி.

கதிரவன் அவள் பக்கம் திரும்பினார். கொஞ்சம் யோசித்தார். "கூடுது" என்றார்.

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இடது இறக்கைக்கு அடியில் குனிந்தாள்.